கமான் பட்டையின் ஒரு பாதி

சிரிலோ குடித்துவிட்டுத்தான் செத்தான் என்று எவனாவது என் கடை வாசலில் வந்து சொன்னால், டயர் கழற்றும் லீவரைக் கீழே வைக்காமலேதான் அவனுக்குப் பதில் சொல்வேன். இது ஊருக்கே தெரியும். அதனால் இப்போது யாரும் சொல்வதில்லை. அப்போது எல்லோரும் சொன்னார்கள். கோயிலில் சொன்னார்கள், ரொட்டிக் கடையில் சொன்னார்கள், பெற்றவள் காதில் விழும்படியே சொன்னார்கள். நான் சொல்லப்போவது அந்தப் பெற்றவளைப் பற்றி.

எடெல்மிரா அல்மிரோன் கத்தி அடிப்பவள். கொரியந்தெஸ் மாகாணத்தில், பைன் மரக் காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும் எங்கள் செம்மண் சாலையில், என் பஞ்சர் கடைக்கு அடுத்த தகரக் கொட்டகை அவளுடையது. அவள் அப்பா ரயில்வேயில் கொல்லர். ரயிலை நிறுத்தியபோது அரசாங்கம் அவருக்கு மிச்சம் வைத்தது ஒரு தண்டவாளத் துண்டு. அதைத்தான் அவர் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லாக நட்டுவைத்தார். அவருக்குப் பிறகு அண்ணன்கள் புவெனஸ் அயர்ஸுக்கு ஓட்டல் வேலைக்குப் போனார்கள். எடெல்மிரா சம்மட்டியை எடுத்துக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை. பொம்பளை அடித்த கத்தி வெட்டுமா என்று கிண்டல் பண்ணியவர்கள் பிறகு கையில் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

குள்ளமான உருவம். முழங்கைக்குக் கீழே மட்டும் வேறு யாருடைய கையையோ ஒட்டவைத்ததுபோல அவ்வளவு தடிமன். கோபம் எப்போதும் மூக்கின் நுனியிலேயே இருக்கும். இரும்பைத் திட்டுவாள், கரியைத் திட்டுவாள், காற்று சரியாக வரவில்லை என்று வானத்தைத் திட்டுவாள். ஒரு முறை மாட்டுப் பண்ணை ஆள் ஒருவன் கத்தி வாங்க வந்தான். விலை பேசிக்கொண்டே, வீட்டில் பெண்டாட்டியை எப்படி அடக்கிவைத்திருக்கிறான் என்று பெருமையடித்தான். எடெல்மிரா அவன் கையிலிருந்த கத்தியை வாங்கி மறுபடியும் உலைக்குள் சொருகிவிட்டு, "உனக்கு மரக் கரண்டி போதும், போ" என்றாள். அவன் கத்திக்குக் கொடுத்திருந்த முன்பணத்தையும் அவன் மூஞ்சியில் விட்டெறிந்தாள்.

அவள் புருஷன் லாரி டிரைவர். சிரிலோ வயிற்றில் இருக்கும்போது பிரேசில் எல்லைக்குச் சோளம் ஏற்றிக்கொண்டு போனான். சோளம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, அவன் திரும்பவில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டே அவள் சுத்தியல் அடித்தாள். பிள்ளை பிறந்த வாரம் கொட்டகைக்கு ஒருவன் வந்தான். கையில் கோழி, குழந்தைக்கு வெள்ளைச் சட்டை. "எடெல்மிரா, பையனுக்கு நான் ஞானத்தகப்பனா நிக்கறேன்" என்றான். துணை இல்லாத பொம்பளை, சரி என்றாள். அவன்தான் தோன் அனிசெட்டோ புஜோல்.

மர அறுவை மில் அவனுடையது. மரம் ஏற்றும் லாரிகள் அவனுடையவை. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பனும் அவன்தான். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நின்றவன், பெற்றவர்களுக்குக் கும்பாதிரி ஆகிறான். பெற்றவள் அவனுக்குக் கும்மாதிரி. எங்களுக்கு அது கூடப்பிறந்த உறவைவிடப் பெரிது. கும்பாதிரியை 'நீ' என்று பேசக் கூடாது. அவனோடு சண்டை போடக் கூடாது. அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டால்கூட ஊர் நடுவில் வந்து சமாதானம் பேசும். கும்பாதிரிமேல் புகார் கொடுத்தவள் நீட்டும் மாத்தே டீயை மட்டும் ஒருவரும் வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

அனிசெட்டோ இதைக் கரைத்துக் குடித்தவன். மில்லில் எவன் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பான். ஒரு கோழி, ஒரு சட்டை, குழந்தை தலையில் கை. அத்தோடு அந்தக் குடும்பத்தின் வாய்க்குப் பூட்டு. கூலியைக் குறைத்தாலும், ஆளைக் கொன்றாலும், "நம்ம கும்பாதிரிதானே" என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அந்த விஷயத்தில் மட்டும் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

சிரிலோ வளர்ந்ததும் ஞானத்தகப்பனின் லாரியிலேயே கிளீனராகப் போனான். பாட்டுக்காரன். அவன் வரும் லாரியை எஞ்சின் சத்தம் கேட்பதற்கு முன்னால் பாட்டுச் சத்தத்தில் தெரிந்துகொள்ளலாம். அந்த நீல லாரிக்குப் பின் டயர் மாற்றும்போதுதான் நான் பார்த்தேன். லாரியின் பாரத்தைத் தாங்கும் கமான் கட்டில் மேலே இருக்கும் பெரிய பட்டை விரிசல் விட்டிருந்தது. விரிசலுக்குள் துரு ஏறியிருந்தது. பழைய விரிசல். அனிசெட்டோ பக்கத்தில்தான் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான்.

"முதலாளி, பெரிய பட்டை பாதிக்கு மேல போயிடுச்சு. மாத்தாம லோடு ஏத்தாதீங்க."

"நீ டயரைப் பாரு, பஞ்சர். பட்டையை நான் பாத்துக்கறேன்."

"உடைஞ்சா வண்டி அப்படியே ஒரு பக்கம் படுத்துடும். மேல ஆள் உக்காந்து வரான்."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? ஏய், கம்பி போட்டு இறுக்கிக் கட்டுங்கடா. இந்தக் காட்டு வெட்டு முடியட்டும், புதுசே போட்டுடலாம்."

கட்ட மாட்டேன் என்று நான் எழுந்துவிட்டேன். டிரைவர் கட்டினான். கட்டி முடிக்கும்வரை சிரிலோ எனக்கு மாத்தே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். "எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க அண்ணே? எங்க ஞானத்தகப்பன் என்னைச் சாக விடுவாரா?" என்று சிரித்தான்.

மழைக்குப் பிறகு, கால்வாய்த் திருப்பத்தில் பட்டை முறிந்தது. லாரி சாய்ந்தது. மரங்கள் உருண்டன. மேலே உட்கார்ந்திருந்த சிரிலோவை அந்த மரங்களுக்கு அடியிலிருந்து எடுக்க டிராக்டர் வரவேண்டியிருந்தது. டிரைவர் கை ஒடிந்து பிழைத்தான். கட்டுப் பிரிப்பதற்கு முன்பே அவனை மிசியோனெஸ் பக்கம் வேறு மில்லுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டான் அனிசெட்டோ. அதற்கப்புறம்தான் கதை கட்ட ஆரம்பித்தான். பையன் குடித்திருந்தானாம். லோடு மேல் ஏறி ஆடினானாம். மரத்தைக் கட்டிய சங்கிலியை அவனே அவிழ்த்தானாம். அன்று காலை என் கையால் ரொட்டி வாங்கித் தின்றுவிட்டுப் போன பையன்!

சவப்பெட்டியின் முன் மூலையை அனிசெட்டோதான் தூக்கினான். எல்லோரையும்விடச் சத்தமாக அழுததும் அவன்தான். கல்லறையில் மண் போட்டு முடித்ததும் எடெல்மிராவின் தோளில் கை போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினான். நான் பின்னால்தான் நின்றேன்.

"கும்மாதிரி, செலவெல்லாம் என்னுது. நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க."

அவள் விரலில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நடந்தது நடந்துபோச்சு. நமக்குள்ள கோர்ட்டு கீர்ட்டு எதுக்கு? போனா அங்க பையன் குடிச்ச கதையெல்லாம் கிளறுவாங்க. செத்தவன் பேரை நாறடிக்கணுமா, சொல்லுங்க?"

குடித்தான் என்று கிளப்பியதும் இவன், அதைச் சொல்லி மிரட்டுவதும் இவன். நானாக இருந்தால் அந்த மண்வெட்டியாலேயே போட்டிருப்பேன். அவள் தலையை மட்டும் குனிந்துகொண்டாள். ஊர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது.

நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். விரிசலைப் பார்த்ததைச் சொன்னேன், கம்பி கட்டியதைச் சொன்னேன். அங்கே இருந்த ஏட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் பெண்ணுக்கும் அனிசெட்டோதான் ஞானத்தகப்பன்.

"நீ செத்தவனுக்கு யாரு?"

"பக்கத்துக் கடை."

"பக்கத்துக் கடைக்காரன் சொன்னா எழுத முடியாதுப்பா. பெத்தவ வரட்டும். திங்கக்கிழமை டவுன்ல ஜட்ஜ் விசாரிச்சு முடிச்சுடுவாரு. அவ வந்து வாய் திறந்தா சரி. திறக்கலன்னா அதோட விபத்துன்னு மூடிடுவாங்க."

ஆக எல்லாமே எடெல்மிராவின் வாயில் வந்து நின்றது. திங்கட்கிழமை அவள் பேசினால் மகன் பேர் மீளும். பேசாவிட்டால் சிரிலோ என்றென்றைக்கும் குடிகாரன், அனிசெட்டோ என்றென்றைக்கும் தர்மப்பிரபு. ஊர்ப் பெண்கள் அவள் வீட்டுக்குச் சீஸ் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போய், "கும்பாதிரியை ஒண்ணும் சொல்லிடாதே, பாவம்டி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள். அவர்கள் வீடுகளிலும் அவன் கோழி கொடுத்திருந்தான். ஒருத்தியைத் தடுத்து நிறுத்தி, "உன் மகன் செத்திருந்தா?" என்று கேட்டேன். நான் நாயாகக் கடித்துவிட்டதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

உடைந்த லாரியை என் கடைக்குப் பின்னால்தான் இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு காலையில் எடெல்மிரா வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"போரோ, அந்தப் பட்டை எங்க?"

"வண்டியிலதான் இருக்கு. எதுக்கு?"

"கழட்டு."

கழற்றினேன். இரண்டு துண்டு. அவள் இரண்டையும் வாங்கி முறிந்த முகத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாதிக்கு மேல் கறுத்து, துரு படிந்து கிடந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று வெள்ளையாகப் பளபளத்தது. அந்தக் கீற்று மட்டும்தான் அன்றைக்கு முறிந்தது. மற்றதெல்லாம் முன்பே முறிந்திருந்ததுதான். கட்டிய கம்பி இன்னும் ஒரு துண்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பியை அவள் விரலால் நெருடினாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எனக்குத்தான் பயம் வந்தது.

"இந்தப் பாதி ஜட்ஜுக்கு" என்று கம்பி சுற்றிய துண்டை என் கையில் கொடுத்தாள். "பத்திரமா வை. எவன் கேட்டாலும் குடுக்காதே."

"அப்போ பேசப்போறியா?"

"கும்பாதிரிமேல எப்படிப் பேசறது?"

"அப்புறம் உன் கையில இருக்கற பாதி?"

"அது அவருக்கு. வா, காத்தாடி சுத்து."

உலைக்குக் காற்று அடிக்கும் சக்கரத்தைச் சுற்ற என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வழக்கமாக ஒரு கையால் அவளே சுற்றிக்கொள்வாள். கரி சிவந்தது. பட்டையை உள்ளே விட்டாள். வெள்ளையாகிப் பொறி பறக்கவிட்டால் இரும்பு கருகிப்போகும், ஆரஞ்சுப் பழ நிறத்திலேயே எடுக்க வேண்டும். எடுத்தாள், தண்டவாளத்தில் வைத்தாள், உளியால் ஒரு துண்டு வெட்டி எடுத்தாள். லாரிப் பட்டை தடியானது. இடுப்பில் செருகும் ஒரு சின்னக் கத்திக்கு அதில் கால்வாசிகூட வேண்டாம். மீதியை ஒதுக்கிவிட்டு அடிக்க ஆரம்பித்தாள். முதலில் முனை. அப்புறம் வெட்டும் வாய்ப் பக்கத்தை மெலியவைத்தாள். வாய் மெலிய மெலிய கத்தி வாழைப்பழம் மாதிரி வளையும். முதுகில் நாலு போட்டு நிமிர்த்த வேண்டும். கமான் பட்டைக்கு வேறு வளைந்தே பழக்கம். அவள் அதை நிமிர்த்தி நிமிர்த்தி அடித்தாள். இரும்பைத் திட்டவில்லை. நான் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அவனைக் குத்தப்போறியா?"

"சுத்து."

"எடெல்மிரா, ஜெயிலுக்குப் போயிடுவே. உன் மகன் குடிகாரன், நீ கொலைகாரின்னு எழுதிடுவாங்க. அவனுக்குச் சிலை வெச்சிடுவாங்க."

"குத்தினா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். அவருக்கு அவ்வளவு சீக்கிரம் முடியக் கூடாது. நீ சுத்துறியா இல்லையா?"

அடித்து முடித்ததைச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டாள். மறுநாள் அரம் போட்டு உருவம் எடுத்தாள். பிறகு துவைச்சல், அதாவது இரும்பைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவது. கத்தியின் உயிர் அதில்தான் இருக்கிறது. மறுபடியும் காய்ச்ச வேண்டும். பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். காந்தத்தில் ஒட்டாத சூட்டுக்கு இரும்பு வந்ததும், அப்படியே நேராக எண்ணெயில் இறக்க வேண்டும். இறக்கினாள். புகை எழுந்தது. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம்.

எடுத்துப் பார்த்தால் நடுவில் மயிரிழை விரிசல். முறிவுக்குப் பக்கத்திலிருந்து வெட்டிய துண்டு, பழைய விரிசல் உள்ளுக்குள் ஓடியிருந்திருக்கிறது. அதுவரை கல்லாக நின்றவள் அந்தக் கத்தியைத் தரையில் அடித்தாள். சுத்தியலைத் தூக்கித் தகரச் சுவரில் எறிந்தாள். "உள்ள வரைக்கும் அழுகிப்போயிருக்கே! இதுமேலதானேடா என் புள்ளையை உக்காரவெச்சே! இதுமேலதானேடா!" என்று கத்தினாள். சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் தடுக்கவில்லை. அப்படி அவள் கத்த வேண்டும் என்று கல்லறையிலிருந்தே காத்திருந்தேன்.

பிறகு முந்தானையைப்போலத் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பட்டையின் மறு முனையில், நல்ல இரும்பு இருக்கும் இடத்தில், இன்னொரு துண்டை வெட்டினாள். இந்த முறை எண்ணெய்க்குள் சத்தம் இல்லை. அரத்தை வைத்து இழுத்தபோது கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. பழுக்கக் காய்ந்த ஒரு இரும்புக் கட்டியின்மேல் கத்தியின் முதுகை வைத்து, ஒடியாமலிருக்கும் அளவுக்குப் பதம் இறக்கினாள். வாயில் வைக்கோல் நிறம் ஓடியதும் எடுத்தாள். மாட்டுக் கொம்பில் பிடி போட்டாள். தீட்டினாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவள் கையால் வந்ததிலேயே அழகான கத்தி அதுதான். அந்த நாய்க்குப் போய் அவ்வளவு நல்ல கத்தியா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்டேன்.

"மட்டமா இருந்தா வாங்க மாட்டாரே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அனிசெட்டோவுக்குப் பிறந்தநாள். மில் முற்றத்தில் முழு மாட்டையும் நெருப்பில் சாய்த்து வாட்டினான். அக்கார்டியன் கச்சேரி வைத்தான். பையன் செத்த சூடு இன்னும் ஆறவில்லை, இவனுக்குக் கச்சேரி. மறுநாள் விசாரணை அல்லவா, அதனால் எடெல்மிராவை ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தான். பெற்றவளே பக்கத்தில் உட்கார்ந்து கறி தின்கிறாள் என்று ஊர் பார்க்க வேண்டும். அவள் வந்தாள். கறுப்புச் சட்டை, வேலைக்குக் கட்டும் முன்துணி, கையில் துணியில் சுற்றிய பொட்டலம். நான் கூடவே போனேன்.

"வாங்க கும்மாதிரி, வாங்க!" எழுந்து தன் பக்கத்து நாற்காலியைத் தட்டினான். "பாத்தீங்களாடா? இதுதான் உறவு. ஆயிரம் துக்கம் வந்தாலும் உறவு விடாது."

"பிறந்தநாளுக்கு ஒண்ணு கொண்டுவந்தேன், கும்பாதிரி."

பிரித்தான். முற்றமே எட்டிப் பார்த்தது. கத்தியைப் புரட்டினான், கட்டைவிரலால் வாயைத் தடவினான், முகமெல்லாம் பல். "அடேங்கப்பா! என் கும்மாதிரி கை கை தான்! இந்த மாகாணத்துல இப்படி ஒரு கத்தி எவன்கிட்ட இருக்கு?" பக்கத்தில் இருந்த விலாக் கறியிலிருந்து ஒரு பெரிய துண்டை அறுத்தான். வெண்ணெயில் போனதுபோலப் போனது. வாயில் போட்டு மென்றுகொண்டே கையைச் சட்டைப் பைக்குள் விட்டான்.

எதற்கு என்று எங்களில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் கத்தியை இனாமாக வாங்க மாட்டோம். பெற்ற தகப்பனே கொடுத்தாலும் பதிலுக்குச் சின்னக் காசு ஒன்றாவது அவர் கையில் வைப்போம். வைக்காவிட்டால் அந்தக் கத்தி முதலில் அறுப்பது கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள உறவைத்தான். அதற்கப்புறம் பாதிரியார் வந்தாலும் ஒட்டவைக்க முடியாது. கத்தியால் வெட்டிக்கொண்டு செத்தவர்களைவிட, காசு வைக்க மறந்து பேச்சை விட்டவர்கள் எங்கள் பக்கம் அதிகம்.

அவன் ஒரு நாணயத்தை எடுத்து நீட்டினான். எடெல்மிரா கையை நீட்டவில்லை.

"பிடிங்க கும்மாதிரி."

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அட, விளையாடாதீங்க. பிடிங்க." சிரித்துக்கொண்டே எழுந்து அவள் முன்துணிப் பையில் போடப் போனான். நாணயம் உள்ளே போகவில்லை. பையின் வாயை நெருக்கமாகத் தைத்து மூடிவிட்டு வந்திருந்தாள். நாணயம் வழுக்கி மண்ணில் விழுந்தது. அப்போதுதான் அவன் மெல்லுவதை நிறுத்தினான். அக்கார்டியன்காரனும் நிறுத்தினான்.

"என்ன இரும்புன்னு கேக்கலையே?" என்றாள் எடெல்மிரா. குரலை உயர்த்தவே இல்லை. "நீல லாரியோட கமான் பட்டை. கம்பி போட்டுக் கட்டச் சொன்னீங்களே, அதேதான்."

"கும்மாதிரி, வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க. துக்கத்துல இருக்கீங்க. இந்தாங்க, உங்க கத்தியே வேணாம்." கத்தியை அவள் பக்கம் நீட்டினான்.

"அதால அறுத்துத் தின்னாச்சு. இனி அது உன்னுது."

உன்னுது. முற்றம் முழுக்கக் கேட்கும்படி கும்பாதிரியை 'நீ' போட்டுப் பேசிவிட்டாள். பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எடெல்மிரா!"

"ஆமா, எடெல்மிராதான். கும்மாதிரி செத்துட்டா. என் மகன் குடிக்கல. நீதான் அவனைக் கொன்னே. உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல, அனிசெட்டோ. நாளைக்கு ஜட்ஜ்கிட்ட நான் எவனோ ஒருத்தன்மேலதான் புகார் சொல்லப்போறேன்."

அவன் குனிந்து மண்ணில் நாணயத்தைத் தேடினான். அவ்வளவு பெரிய உடம்பு, முழங்கால் போட்டு, பிறந்தநாள் சட்டையோடு! எடுத்து அவள் காலடியில் வைத்தான், "எடுத்துக்கோ, சும்மா பேருக்கு எடுத்துக்கோ" என்றான். அவள் அதைத் தாண்டி நடந்து போனாள். நானும் போனேன். வாசலைத் தாண்டியதும் நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "வண்டிக்குப் பெட்ரோல் இருக்கா?" என்றுதான் கேட்டாள்.

இதற்காக ஊர் அவளை ஒதுக்கிவைக்கும் என்றுதான் நினைத்தேன். அனிசெட்டோவும் அப்படித்தான் நினைத்திருப்பான். திங்கட்கிழமை காலை பட்டையின் பாதியைச் சாக்கில் சுற்றி என் பழைய பிக்கப்பில் ஏற்றிக்கொண்டிருந்தோம். கொட்டகை வாசலில் ஒருவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மில்லில் ரம்பம் ஓட்டும் ஹசிந்தோ. அவன் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். மற்றதை மில் தின்றுவிட்டது. தன் தவறுதான் என்று அவனே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அவனுடைய நாலு பிள்ளைகளுக்கும் ஞானத்தகப்பன் யார் என்று சொல்ல வேண்டுமா?

அவன் கக்கத்தில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தான். பல் தேய்ந்து, ஓரம் ஒடிந்த ரம்பத் தகட்டின் ஒரு துண்டு.

"எடெல்மிரா, எனக்கும் ஒரு கத்தி அடிச்சுக் குடு" என்றான். "அவருக்குக் குடுக்கணும். இரும்பு கொண்டாந்திருக்கேன்."

"இது எந்த ரம்பம்?"

ஹசிந்தோ விரலில்லாத கையைத் தூக்கிக் காட்டினான்.

எடெல்மிரா தகட்டை வாங்கிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். திருப்பி அவன் கையிலேயே கொடுத்தாள்.

"கத்தி அப்புறம் அடிக்கலாம்" என்றாள். "இதைத் தூக்கிக்கிட்டு முதல்ல வண்டியில ஏறு."